மடியில் வந்த பொட்டலங்கள்

பூசாரி திரையை இழுத்துவிட்டதும் ஆத்தா மறைந்துபோனாள். மறைந்தாளே ஒழிய அங்கேயேதான் இருக்கிறாள் என்று நாயகிக்குப் பட்டது. பச்சைத் துணியின் நடுவில், சரியாக ஆத்தாவின் முகம் இருக்கிற உயரத்தில், திரை கொஞ்சம் உள்வாங்கியது, பிறகு கொஞ்சம் உப்பியது, மறுபடி உள்வாங்கியது, அந்தப் பக்கம் யாரோ துணியில் வாயை வைத்து மூச்சு விடுகிறமாதிரி. காற்றாக இருக்கும். சன்னலே இல்லாத கல் அறைக்குள் காற்று எப்படி வரும்? சரி, பூசாரியின் கை பட்டிருக்கும், அலங்காரம் பண்ணுகிற கைதானே, படத்தான் செய்யும். "முக்கா மணி நேரம் ஆகுமுங்க, உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். நாயகி தன் மடியைப் பார்த்தாள். காலையிலிருந்து இரண்டரை மணி நேரம் தட்டு இருந்த இடம் இன்னும் ஈரமாகக் குளிர்ந்து கிடந்தது. தட்டு உள்ளே போயாயிற்று. தட்டிலிருந்த இரண்டு வாழையிலைப் பொட்டலங்களும் இந்நேரம் ஆத்தாவின் மடிக்குப் போயிருக்கும். இனி யாரும் எதையும் மாற்ற முடியாது, அவளாலும் முடியாது. முந்தானையின் ஓரத்தில் போட்ட முடிச்சை இடுப்பில் செருகியிருந்தாள், அது மட்டும் சின்ன நெருப்புத்துண்டு மாதிரி வயிற்றில் உறுத்திக்கொண்டிருந்தது. தொடாதே, தொட்டால் எல்லாரும் பார்ப்பார்கள். யார் பார்க்கப்போகிறார்கள்? முன்னால் நாற்காலியில் மாமனார் அர்த்தநாரி, முட்டி மடங்காததால் சாமிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார நேர்ந்ததற்கு வந்ததிலிருந்து நாலு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டுவிட்டார். அவர் காலடியில் மூத்த மகன் கதிர்வேலு, நாயகிக்கு மச்சாண்டார், சப்பணம் போட்டு, முதுகு வளையாமல், கண்ணை மூடி. அவர் முழங்கால் ஓரத்தில் மஞ்சள் பை, பைக்குள் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள். அவரை ஒட்டி அவள் வீட்டுக்காரர் சண்முகம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. இன்றைக்கு அவர் கம்பெனிக்கு எம்.டி.யாக நாற்காலி ஏறுகிற நாள். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். மகள் மகிழினி அவர் தொடையில் சாய்ந்து கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கைதான் உள்ளே போய் ஒரு பொட்டலத்தை எடுக்கப்போகிறது.

எல்லாம் ஆத்தா கொடுத்தது என்பார் மாமனார். பொன்னழகி ஆத்தா பேரில்தான் கம்பெனி, பொன்னழகி கேப்பிடல். கோயமுத்தூரில் கண்ணாடி போட்ட பதினோரு மாடி, மேல்மாடியில் பெரிய மேசை, மேசையின் தலைமாட்டில் பட்டுத்துணி விரித்த ஒரு நாற்காலி ஆத்தாவுக்கென்று காலியாகவே இருக்கும். பம்பாயிலிருந்து வந்தவர்கள் அதில் உட்காரப் போனபோது மாமனார் எழுந்து கையைப் பிடித்துத் தடுத்தாராம், "அது சேர்மன் சீட்டுங்க" என்றாராம், அவர்கள் அரை மணி நேரம் சேர்மன் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் சண்முகம். நாயகி ஒரே ஒரு தடவை அந்த அறைக்குப் போயிருக்கிறாள், மகிக்குக் காது குத்திய அன்று, ஆசீர்வாதம் வாங்க. அந்தக் காலி நாற்காலியின் மெத்தை யாரோ எழுந்து போனதுபோல் நடுவில் அமுங்கியிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் எதைத்தான் யாரிடம் சொன்னாள். ஏழாங்கிளாஸோடு நின்றவள், சத்தியமங்கலத்தில் பூக்காட்டுக்காரர் மகள், பேச வாயைத் திறந்தாலே கழுத்து சிவக்கும். இந்த வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் பூக்கேட்டுத்தான் நடக்கும். ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் ஆத்தா சரியென்கிறாள், சிவப்பு வந்தால் வேண்டாமென்கிறாள். நகைக்கடன் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி கட்டடக்காரர்களுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டார்கள், வெள்ளை. சொந்தபந்தங்களின் காசை வாங்கிப் போடலாமா, வெள்ளை. பம்பாய்க்காரர்களைப் பங்குக்குச் சேர்க்கலாமா, வெள்ளை. இந்த ஆடியில் துபாய்க்குப் பணம் அனுப்பலாமா, வெள்ளை. "ஆத்தாளே வெள்ளப் பூ குடுத்திருக்கறப்ப நமக்கென்ன அம்மிணி" என்று அவள் அப்பாகூட மல்லிக்காட்டை விற்றுக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு வெறுங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே போனார். ஏன் துடைத்தார்? கையில் ஒன்றும் இல்லையே. திரை மறுபடி உள்வாங்கியது. இந்தத் தடவை வெளியே வர நேரமானது. நாயகி தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அதுதான் முறை. எடுத்ததைப் பிரித்து எல்லாருக்கும் காட்டுவார் பூசாரி, மற்றதை எடுத்த குழந்தையின் கையிலேயே கொடுத்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற பூக்கிணற்றில் போடச் சொல்வார். பிரித்தால் கண் போகும், ஆத்தா ஒருதரம் சொன்னதை மறுதரம் கேட்ட குற்றம். அந்தக் கிணற்றில் தண்ணீர் இல்லை, ஆனால் போட்ட பொட்டலம் விழுகிற சத்தமும் வராது. ஆடியில் மகி போடவில்லை. கவுனில் புதுப் பை வைத்துத் தைத்திருந்தது, குழந்தை அதில் வைத்துக்கொண்டு வந்துவிட்டது. நாலு நாள் கழித்துத் துவைக்கப் போட எடுத்தபோது நாயகியின் விரலில் பட்டது, காய்ந்த இலை, நார் முடிச்சு. அவள் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. தானாகப் பிரிந்தது, நார் காய்ந்து நொறுங்கி, இலை விரிந்து, உள்ளிருந்தது உள்ளங்கையில் உதிர்ந்தது. வேறு யாராவதாக இருந்தால் பழுப்பாய்ப்போன பூ என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். பூக்காட்டில் பிறந்தவளுக்கு அது முடியுமா? வாடினாலும் அரளி அரளிதான், குழல் குழலாகச் சுருண்டு ரத்தம் காய்ந்த நிறத்தில் இருக்கும். இது தட்டையாக, காத்தாடி மாதிரி ஐந்து இதழ், நடுவில் சின்ன ஓட்டை. நந்தியாவட்டை. சின்ன வயதில் கண் எரிந்தால் அம்மா இதைத்தான் பறித்து இமைமேல் வைப்பாள், குளுகுளுவென்று இருக்கும், இமைக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுற்றும். எடுத்த பொட்டலத்திலும் வெள்ளை, விட்ட பொட்டலத்திலும் வெள்ளை. அப்படியென்றால் ஆத்தாவிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலத்திலிருந்து இடது கண்ணின் ஓரத்தில் ஒரு வெள்ளை. நேராகப் பார்த்தால் இல்லை, திரும்பினால் கூடவே திரும்பும், ஐந்து இதழோடு, மெல்லச் சுற்றிக்கொண்டு. கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்றார். ஒன்றுமில்லாததுதானே பயம். ஒருவேளை பொட்டலத்தில் இருந்தது செவ்வரளிதானோ, அவள் கை பட்டதும் ஆத்தா வெள்ளையாக்கிவிட்டாளோ, இவளுக்கு இவ்வளவு துணிச்சலா பார்க்கட்டும் என்று. பொட்டலம் கட்டுவது வீட்டுக்கு மூத்த ஆண், விளக்குக்கு முன்னால், எல்லாருக்கும் முதுகைக் காட்டி. நாலு தடவையும் மச்சாண்டார்தான் கட்டினார். அந்த முதுகை அவள் நாலு தடவையும் பார்த்திருக்கிறாள், அகலமான, அசையாத முதுகு. இதோ இப்போதும் அதே முதுகுதான் முன்னால் இருக்கிறது. மகி எதையோ சொன்னாளே அன்றைக்கு, ஆடியில், கோயில் படி இறங்கும்போது. "ஆத்தா கை ஈரமா இருந்துச்சும்மா." மடியில் வைத்திருந்ததைத்தானே எடுத்தாய், கை எங்கே பட்டது என்று கேட்க வாய் வரவில்லை.

மச்சாண்டார் நாயகியின் முகத்தை இந்த ஏழு வருஷத்தில் ஒரு தடவையும் ஏறிட்டுப் பார்த்தது கிடையாது. தம்பி பெண்டாட்டியைப் பார்க்கக் கூடாது, பேர் சொல்லக் கூடாது, அவர் உட்கார்ந்த பாயில் அவள் உட்காரக் கூடாது. சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொல்வார். "மகிக்கண்ணு, உங்கம்மாள மோர் கொண்டாரச் சொல்லு." எதிரே வந்தால் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். மரியாதைதான். மரியாதையாகவே இருந்து இருந்து அவருக்கு அவள் இல்லாமலே போய்விட்டாள். இல்லாவிட்டால் போன வாரம் மொட்டைமாடியில் அவள் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது ஆடிட்டரிடம் போனில் அப்படிப் பேசியிருப்பாரா? பார்த்தார், பார்த்ததும் முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார், திருப்பிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார், கொடியில் தொங்குகிற துணிகளில் அவளும் ஒன்று என்பதுபோல. "போன வருசத்துத் தேதியே போட்ரலாங்க. அவன் எம்.டி.ன்னு ஆயிட்டா துபாய்க்குப் போனது, மத்தது, எல்லாம் அவன் குடுத்ததாயிருமில்லீங்க. டெல்லிலிருந்து வந்து கேட்டா அவனக் கேக்கட்டும். மூணு வருசமோ அஞ்சு வருசமோ, உள்ள இருந்துட்டு வரட்டும், சின்ன வயசுதான... அட, அவன் ஒண்ணும் கேக்கமாட்டானுங்க. ஆத்தா சொல்லீட்டான்னா ரயிலுக்கு முன்னாலயும் போயி நிப்பான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, தம்பியை நினைத்துப் பாசமாகச் சிரிக்கிற சிரிப்புதான். அவர் பெண்டாட்டியும் பிள்ளைகளும் ஆவணியிலேயே சிங்கப்பூர் போய்விட்டார்கள். படிப்புக்கென்று. மறுநாள் காலையில் சண்முகம் முகம் வழித்துக்கொண்டிருந்தபோது நாயகி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, அந்தக் காகிதத்த வேற யார்கிட்டயாச்சும் ஒருக்காப் படிக்கக் குடுத்துப் பாக்கலாமுங்களா." அவர் கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, "எந்த ஊர்ல, நாயகி, அண்ணன் தம்பிக்கு நாக்காலிய உட்டுக் குடுக்கறான்? நீயொருத்தி" என்றார். "உங்கண்ணன் போன்ல பேசுனாருங்க" என்றாள். "பேசத்தான் போன்." அப்புறம் நுரையோடு முகத்தைத் திருப்பி, அவள் பயந்திருப்பதைப் பார்த்து, குரலை இறக்கிச் சொன்னார், "இங்க பாரு. ஆத்தா செவப்புக் குடுத்தா நானே வேண்டாமுன்றுவேன். வெள்ளக் குடுத்தா நீ காலக் கட்டுனாலும் நிக்கமாட்டேன். நம்ம கையில என்ன இருக்குது?" பொட்டலத்தைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் முதலில் என்ன கேட்பார்? அண்ணன் ஏமாற்றினாரா என்றா கேட்பார்? பொட்டலத்தைப் பிரித்தாயா என்றுதான் கேட்பார். பிரித்தவள் சொல்வதை யார் நம்புவார்கள், கண் போகப்போகிறவள் சொல்கிற நிறத்தை. அவர் கன்னத்தில் ஒரு கோடு நுரை அப்படியே இருந்தது. துடைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. துடைக்காமல் போய்விட்டாள்.

கட்டின பொட்டலம் தரையில் படக் கூடாது, வீட்டிலிருந்து கோயில்வரை பிள்ளை பெற்ற மடியில்தான் வர வேண்டும். நாலு தடவையும் ஓரகத்தியின் மடியில் வந்தது. ஓரகத்தி சிங்கப்பூரில் இருக்கிறாள். மச்சாண்டார் இதை யோசித்தாரா இல்லையா? யோசித்தால்தானே, அவருக்கு எந்த மடியும் ஒரு மடிதான், பலகை மாதிரி. "மகிக்கண்ணு, தட்ட ஆட்டாம வெச்சுக்கோணும்னு உங்கம்மாகிட்டச் சொல்லு" என்றார், அவ்வளவுதான். சண்முகம் ஓட்ட, மச்சாண்டார் முன்சீட்டில், மாமனார் நடுவில், அவளும் மகியும் கடைசியில். பல்லடம் தாண்டி மகிக்கு ஒண்ணுக்கு வந்தது. மடியைக் காலியாக்கக் கூடாது என்று தட்டோடு இறங்கினாள், சாலையோரம் நிறையச் செவ்வரளி பூத்துக் கிடந்தது. குழந்தை உட்கார்ந்திருந்த நேரத்தில் கை போனது. ஒன்று பறித்தாள். பறித்த கை மறுபடி போய் இன்னொன்றையும் பறித்தது. ஏன் இரண்டு? அதைத்தான் அப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஏன் இரண்டு. வண்டி கிளம்பியதும் மாமனார் தூங்கிவிட்டார், முன்சீட்டிலும் தலை சாய்ந்தது. முந்தானையால் தட்டை மூடி, அடியில் கையைவிட்டு முதல் பொட்டலத்தின் நாரை உருவினாள். விரலுக்குத் தெரியாத முடிச்சா, ஒரு நாளைக்கு நூறு முழம் தொடுத்த விரல். வெள்ளை. கட்டினாள். இரண்டாவது. வெள்ளை. பயத்தோடு கூடவே ஒரு நிம்மதி, அன்று கல்லில் பார்த்தது பொய்யில்லை, ஆத்தா மாற்றவில்லை, மனுஷன்தான் மாற்றியிருக்கிறான். இரண்டாவதிலிருந்த வெள்ளையை எடுத்து ஒரு செவ்வரளியை வைத்து, அதே இலை, அதே நார், அதே முடிச்சு. கையில் ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் மிச்சம். முதலாவதிலும் வைத்துவிட்டால் தீர்ந்தது. சண்முகத்துக்குச் சிவப்பு தவிர வேறு வராது. கை நின்றுவிட்டது. இதைத்தானே அவரும் செய்தார், அவர் இரண்டு வெள்ளை, நான் இரண்டு சிவப்பு, நிறம்தானே வேறு. ஆறு வருஷமாக இந்த வீட்டில் ஒருத்தரும் ஆத்தாவை வாய் திறக்கவிடவில்லை. நானும் பொத்துவதா? ஒன்று வெள்ளை ஒன்று சிவப்பாக இருக்கட்டும், அவள் சொல்லட்டும், எதுவானாலும் சொல்லட்டும் என்று, மிச்சம் இரண்டையும் முந்தானையில் முடிந்தாள். நல்லா நினைவிருக்கிறது. முடிந்தாள், இடுப்பில் செருகினாள். காங்கயம் போர்டு வந்தது. அதற்கப்புறம் வெள்ளகோவில் போர்டு. நடுவில் என்ன? நடுவில் ஒன்றுமே இல்லை, துணியில் ஓட்டை விழுந்தமாதிரி. தூங்கியிருப்பாள், விடிகாலை எழுந்தது. முழித்தபோது மகி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கொட்டாமல். "யார்கூடம்மா பேசிட்டிருந்த?" என்றாள். "யார்கூடயும் பேசல சாமி." குழந்தை நம்பாமல் பக்கத்துச் சீட்டைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை, பையும் செருப்பும்தான்.

இப்போது அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். வெள்ளை வந்தால்? கேட்டது அவள், உண்மையாகவே கேட்டது அவள் ஒருத்திதான், அப்படிக் கேட்டு வெள்ளை வந்தால் சண்முகம் ஜெயிலுக்குப் போக வேண்டுமென்று ஆத்தாவே சொன்னதாகிவிடும். அதற்குப் பிறகு அழக்கூட இடமிருக்காது. ஏமாற்றுக்காரன் கொடுத்த வெள்ளை என்றால் என்றைக்காவது ஒருநாள் வாய் திறந்து சொல்லலாம். ஆத்தா கொடுத்த வெள்ளையை என்ன சொல்வது? பாதிக்குப் பாதி. தன் புருஷனைப் பாதிக்குப் பாதி தூக்கிப் போட்டவள் எந்த ஊரில் இருப்பாள், நேர்மையாம் நேர்மை, இரண்டிலும் வைத்துத் தொலைத்திருக்கக் கூடாதா. யாருக்குப் பயந்தாய், ஆத்தாவுக்கா? ஆத்தா உன்னிடம் கேட்டாளா எனக்கு நியாயம் செய் என்று? கை முந்தானை முடிச்சுக்குப் போனது, துணிக்கு மேலே தடவிப் பார்த்தது. கசங்கி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது, குழலா தட்டையா என்று விரலுக்குத் தெரியவில்லை. பூக்காட்டில் பிறந்த விரல், அதற்கே தெரியவில்லை. சண்முகம் திரும்பிப் பார்த்தார், "என்ன, மூஞ்சியே சரியில்ல, பசிக்குதா?" என்று உதட்டால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். அவர் சட்டைப்பையில் புதுப் பேனா, மூடி மின்னியது. நேற்று மகிக்கு அதைக் காட்டி, "இதாலதான் அப்பா கையெழுத்துப் போடப் போறேன்" என்றார். குழந்தை அதை வாங்கித் தன் உள்ளங்கையில் ஒரு கோடு போட்டுக்கொண்டது. குளிப்பாட்டியும் அந்தக் கோடு போகவில்லை. உள்ளே தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது, சொட்டு, சொட்டு, அபிஷேகம் முடிந்து வெகுநேரமாயிற்றே, இன்னும் எங்கிருந்து சொட்டுகிறது? கண்ணோரத்து வெள்ளை மெல்லச் சுற்றியது. திரை இந்தத் தடவை அசையவே இல்லை. அசையாமல் இருந்ததுதான் அவளுக்கு, உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் காது வைத்துக் கேட்பதுபோல் இருந்தது.

மணி அடித்தது. திரை விலகியது. ஆத்தா மஞ்சள் பட்டில், நெற்றி நிறையக் குங்குமத்தோடு, புதிதாகப் பதித்த வெள்ளிக் கண்களோடு இருந்தாள், மடியில் இரண்டு பச்சைப் பொட்டலம். மாமனார் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்று, குரல் உடைய, "ஆத்தா, சின்னவன் உங்கம்பெனிக்கு எம்.டி.யா உக்காரலாமா, கூடாதா, நீ சொல்லு" என்றார். மகி போனாள். படிமேல் ஏறி நின்று ஆத்தா மடியையே பார்த்தாள். வலதுபக்கம் கை போனது, நின்றது, யாரோ ஏதோ சொன்னதுபோலத் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், இடதுபக்கத்தை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தாள். நார் உருவுகிற சத்தம் அவ்வளவு தூரத்திலும் நாயகிக்குக் கேட்டது. "செவ்வரளிங்க" என்றார் பூசாரி. "ஆத்தா வேண்டாங்கறா." மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார், "சரி ஆத்தா. இல்லீன்னா இல்லதான்." சண்முகத்தின் முகம் ஒரு நொடி சின்னப்பிள்ளை முகம் மாதிரி வாடி, உடனே சமாதானமாகியது, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். நாயகிக்கு உடம்பு முழுக்கக் காற்றுப் போன பந்தாகியது. அப்போதுதான் அந்த முதுகு அசைந்தது. மச்சாண்டார் எழுந்தார். "இன்னொண்ணக் குடுங்க." பூசாரி சிரித்து, "அது கெணத்துக்குப் போறதுங்களே" என்றார். அவர் படியேறி, சட்டையோடு, ஆத்தா மடியில் கைவிட்டு எடுத்தார். "டேய் கதிரு, அத எதுக்குடா பிரிக்கற" என்றார் மாமனார். நார் அவருக்கு அவிழவில்லை. கட்டினவருக்கே அவிழவில்லை. இலையைக் கிழித்தார். இனி வெள்ளை விழும், அவர் ஆறுதலாக மூச்சு விடுவார், ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நாயகி காத்திருந்தாள். அவர் கால்மேல் விழுந்தது செவ்வரளி.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "செவப்பே கெடையாதுங்கப்பா" என்றார். சத்தமாகக்கூட இல்லை, கணக்குத் தப்பிப்போன பிள்ளை வாத்தியாரிடம் சொல்கிற குரலில். "ரெண்டும் வெள்ளதான். நாந்தானப்பா கட்டுனேன், எனக்குத் தெரியாதா." மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார், குனிந்து மஞ்சள் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், பையின் காதுகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். "எத்தன தடவடா?" என்றார். "நாலு தடவையுமா?" மச்சாண்டார் கையிலிருந்த கிழிந்த இலையைக் கீழே விட்டார். சண்முகம் அண்ணனைப் பார்த்தார், அப்பா மடியிலிருந்த பையைப் பார்த்தார், பிறகு மெல்லத் திரும்பி நாயகியைப் பார்த்தார். உங்கண்ணன் போன்ல பேசுனாருங்க என்று அவள் அன்றைக்குச் சொன்னது அவர் பார்வையில் தெரிந்தது. அவர் உதடு ஏதோ சொல்ல அசைந்தது. மகி ஓடிவந்து அவள் சேலையில் கையைத் துடைத்தாள். "அம்மா, இன்னிக்கும் ஈரமா இருந்துச்சு."

மச்சாண்டாரின் கண் பூசாரியிடம் போனது, தம்பியிடம் போனது, தரையில் கிடந்த பூவிடம் போனது. தட்டு வந்த வழியை அது தேடுகிறது என்று நாயகிக்குத் தெரிந்தது. தேடித் தேடி அவள் மடியில் வந்து நின்றது, அங்கிருந்து ஏறியது, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தாள். தலையைக் குனிய வேண்டும், குனிய முடியவில்லை, கழுத்து வேறு யாருடையதோ மாதிரி நிமிர்ந்தே இருந்தது. அவர் முகம் வெளிறியது. இரண்டு கையும் மெல்ல மேலே வந்து நெஞ்சுக்கு முன்னால் குவிந்தன. ஆத்தாவைப் பார்த்ததுபோல் கும்பிட்டார். அவளையா? நாயகி திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தாள், கல் சுவர், வேறு யாரும் இல்லை. திரும்பியபோதும் அவர் கும்பிட்டபடியே நின்றார், கண்ணை எடுக்காமல். நாயகி இடுப்பிலிருந்து முந்தானையை உருவி, எல்லாருக்கும் முதுகைக் காட்டி ஒதுங்கி, முடிச்சை அவிழ்த்தாள். ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் முடிந்துவைத்தது நல்லா நினைவிருக்கிறது. காங்கயத்துக்கு முன்னால், இந்தக் கையால். துணி விரிந்தது. இரண்டு நந்தியாவட்டை, இரண்டும் கசங்காமல், வாடாமல், இப்போதுதான் பறித்ததுபோல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன.